மாரிஸ் மைனரில் ஒரு சக்கரம் மட்டும் பிரேக் பிடித்துக்கொள்வது

வணக்கம். உங்கள் மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில், பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் இடப்பக்க முன்சக்கரம் மட்டும் இறுகிச் சூடேறுவதாகவும், மறுநாள் காலையில் தானாகவே விடுபடுவதாகவும், புதிய பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் கட்டை) மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) மாற்றச் சொன்ன மெக்கானிக்கின் கருத்தை நான் ஏற்கவில்லை. இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான் என்பதால், அதில் அழுத்தம் தேங்கினால் மற்ற சக்கரங்களும் இறுகியிருக்கும்.

அடுத்த முறை இறுகும்போது, ஆற விடாமல் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ப்ளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். (பிரேக் ஆயில் கொதிக்கக் கொதிக்க இருக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.) ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் உடனே சுழன்றால், சக்கரத்துக்கு ஆயிலைக் கொண்டுசெல்லும், உட்புறம் வீங்கிய ரப்பர் ஹோஸ்தான் பெரும்பாலும் காரணம்: காலால் மிதிக்கும் விசை ஆயிலை உள்ளே தள்ளிவிடும், ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்கின் சிறு விசையால் அதைத் திருப்பியனுப்ப முடியாது. வெளியே புத்தம்புதிதாகத் தெரியும் ஹோஸை நம்ப வேண்டாம். இரு முன்ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுழலவில்லையெனில் கோளாறு டிரம்முக்குள் (ஷூக்களை மூடி, சக்கரத்தோடு சுழலும் வட்டக் கூடு) இருக்கிறது. முன்டிரம் ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளும் சிலிண்டர்கள் இரண்டு, ஷூவுக்கும் டிரம்முக்குமான இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர்களும் இரண்டு. சிலிண்டருக்குள் துருப்பிடித்து நின்ற பிஸ்டனையும், அளவுக்கு மீறி முடுக்கப்பட்ட அட்ஜஸ்டரையும் பாருங்கள். சரிசெய்த பின் ப்ளீடிங் (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.