கூலி கெடாமல் அம்மாவுக்கு டெஸ்ட் எடுப்பது எப்படி?

கேள்வி: கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறேன். கணவருக்குக் கம்பெனியிலேயே வருடாவருடம் முழு உடல் பரிசோதனை செய்கிறார்கள். சேலம் மாவட்டக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 47 வயது. மரவள்ளிக் காட்டில் களையெடுக்கப் போகிறார். இதுவரை ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுத்ததில்லை. 'டெஸ்ட் எடுத்தாத்தான்டி வியாதி வரும்' என்கிறார். 5,000 ரூபாய் மாஸ்டர் செக்கப்புக்குக் கூட்டிப்போகலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு, அம்மாவைப் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதுவே பாதி வேலை. ஆனால் அந்த 5,000 ரூபாய் பேக்கேஜ் வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அதில் வரும் கேன்சர் மார்க்கர் (ரத்தத்தில் புற்றுநோய் அடையாளம் தேடுவது) போன்ற சோதனைகளால் பயன் குறைவு, வீண் பயம்தான் அதிகம்.

அம்மா சொல்வதை அறியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு ஆகும், மறுநாள் ரிப்போர்ட் வாங்க இன்னொரு அரை நாள். 'வியாதி' என்று சொல்லிவிட்டால் மாதாமாதம் இதே செலவு. இந்தக் கணக்கைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். உங்கள் கணவருக்குச் சம்பளத்தோடு பரிசோதனை நடக்கிறது. அம்மா தன் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. வெயிலில் வேகும் உடம்பு யாருடையது என்று பார்த்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும்.

சரி, என்னென்ன பார்க்க வேண்டும்? முதலில் பிபி. நடந்து வந்த களைப்போடு பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை பார்க்க வேண்டும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்குக் குறையவில்லை என்றால் சிகிச்சை தேவை. அப்புறம் சுகர். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார்கள். ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின். 30 வயது தாண்டிய பெண் என்பதால் மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும். இரண்டாவதற்குக் கூச்சப்படுவார். சில நிமிட வேலைதான், நீங்கள் கூடவே நில்லுங்கள். புகையிலை போடுபவராக இருந்தால் வாயையும் காட்ட வேண்டும். இவை எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இரண்டு சோதனைகளை மட்டும் நீங்களே கேட்டு வாங்குங்கள்: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனை. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடையே நடத்திய ஆய்வில், சுகரோ பிபியோ இல்லாத பலருக்கும் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. வெயிலில் உடம்பு வற்றுவதை முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கிறார்கள். காட்டில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! வேலை முடிந்து இடுப்பு வலிக்கு மெடிக்கல்ஸில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அம்மாவிடம் இதைப் பேசுங்கள், திட்டாமல் பேசுங்கள். காட்டுக்காரரிடம் நாலு தென்னங்கீற்றால் ஒரு மறைப்பு கட்டித்தரக் கேட்பதில் தவறே இல்லை.

கூலி கெடாமல் எப்படி? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதற்காகவே வந்தது. மகளிர் சுய உதவிக்குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்ப்பார். நோய் உறுதியானால் மாத்திரையும் வீட்டுக்கு வரும். ஆனால் அவர் பகலில் வந்தால் உங்கள் அம்மா வீடு பூட்டித்தான் இருக்கும். அதனால் கிராம சுகாதார செவிலியரின் நம்பரை வாங்கி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வர முடியுமா என்று நீங்களே பேசுங்கள். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் அரசு மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அடியுங்கள். சுகாதார நிலையத்துக்குப் போயே ஆக வேண்டிய சோதனைகளை மழை பெய்து வேலை நின்ற நாளில் வைத்துக்கொள்ளலாம். மழைக்குக் காத்திருக்க முடியாது என்றால் அந்த 5,000-த்திலிருந்து அன்றைய கூலியை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். மகளிடம் வாங்கமாட்டேன் என்பார், விடாதீர்கள்.

பிபி மாத்திரை ஆரம்பித்தால், நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்தவிடாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது.

இன்னொன்று. அம்மாவோடு களையெடுக்கப் போகும் பெண்களுக்கும் இதே நிலைமைதானே? அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டார், செட்டோடு என்றால் வருவார். ஆள் கூட்டிப்போகும் அக்காவிடம் பேசி, ஒரு சாயங்காலம் எல்லோரும் அங்கன்வாடியில் கூடச் சொல்லுங்கள். செவிலியருக்கும் வீடு வீடாக அலையாமல் வேலை முடியும். 'மாதம் ஒருநாள் சாயங்காலம் எங்கள் ஊரில் பரிசோதனை வேண்டும்' என்று அந்தப் பெண்களே கையெழுத்துப் போட்டு கிராம சபையில் மனு கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள். மனுவின் நகல் ஒன்று அம்மாவிடம் இருக்கட்டும்.