மௌனப் பட இயக்குநர் லோயிஸ் வெபர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்? எந்தப் படத்திலிருந்து பார்க்கலாம்?

1913-இல் வந்த 'சஸ்பென்ஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள்; பத்து நிமிடம்தான். கதை எழுதியவரும் நாயகியும் வெபரே. இயக்கத்தில் கணவர் பிலிப்ஸ் ஸ்மாலியும் பங்கு. தொலைபேசிக் காட்சியைக் கவனியுங்கள். திரை முக்கோணங்களாகப் பிரிகிறது: ஒன்றில் வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் திருடன், ஒன்றில் பதறும் மனைவி, நடுவே அலுவலகத்தில் கணவன். மாற்றி மாற்றி வெட்டிக் காட்டாமல் மூன்றையும் ஒரே சமயத்தில் காட்டியதால்தான் அந்தப் பதற்றம்.

அடுத்து 'ஷூஸ்' (1916). கிழிந்த செருப்புக்கு மாற்று வாங்க முடியாத கடைப் பெண்ணின் கதை. அவர் படங்களில் எனக்கு இதுவே முதலிடம்.

1917-இல் சொந்த ஸ்டூடியோ. 1920-இல் பாராமவுண்ட் பட நிறுவனத்துடன் ஒப்பந்தம்: படத்துக்கு 50,000 டாலர், லாபத்திலும் பங்கு. ஆனால் 1920-களில் ரசிகர்கள் கேளிக்கைப் படங்கள் பக்கம் சாய, கருத்தடை, வறுமை என்று பேசிய இவர் படங்கள் பிரசங்கமாகத் தெரிந்தன (சில இடங்களில் அது நியாயமான புகார்தான்). பெரிய நிறுவனங்களின் பிடி இறுகியதும் சுயேச்சைத் தயாரிப்பு தாக்குப்பிடிக்கவில்லை. கடைசிப் படம் 1934-இல், ஹவாயில் எடுத்தது.