வீட்டு மீடியா சர்வர் புது டிஸ்க்குக்குக் குடிபோகிறது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஜெல்லிஃபின் என்ற நிரலை வைத்து, வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும் மீடியா சர்வராக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு, இரண்டிலுமே ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ். 7 டெராபைட்டைத் தாண்டிவிட்டது, இனி இடமில்லை. 12 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கியாயிற்று. மாற்றுவதோடு ஃபைல் சிஸ்டத்தையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். இசட்எஃப்எஸ் என்று ஒரு கூட்டம், எக்ஸ்ட்4 போதும் என்று இன்னொரு கூட்டம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு கூட்டத்தையும் விடுங்கள். அடுத்த முறை இடம் தீரும்போது டிஸ்க் எப்படி வாங்குவீர்கள், அதைச் சொல்லுங்கள். ஒரே அளவில் ஜோடியாக வாங்குகிறவரா, கிடைத்த அளவில் ஒன்றொன்றாகச் சேர்க்கிறவரா? ஃபைல் சிஸ்டத்தை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து மூன்றாவது டிஸ்க்கைச் செருக வழியில்லாமல் முழிப்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் கையில் இப்போது ஒரே அளவில் இரண்டு இருப்பதால் இசட்எஃப்எஸ் மிரர் போடுங்கள் என்பேன். இரண்டிலும் ஒரே தரவு இருக்கும், ஆக உங்களுக்குக் கிடைப்பது 12 டெராபைட்தான், அதுவும் கம்ப்யூட்டர் கணக்கில் 10.9 என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை, 1000-க்கும் 1024-க்கும் உள்ள வித்தியாசம் அது. அப்புறம் எதற்கு இசட்எஃப்எஸ் என்றால், எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) சேர்த்து வைக்கும். படிக்கும்போது கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் மற்ற டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதைத் திருத்திவிடும். எக்ஸ்ட்4 ஃபைலின் உள்ளடக்கத்துக்கு அப்படிச் செக்சம் வைப்பதில்லை. வீடியோ நடுவில் ஒரு பிட் மாறிப்போனால் நீங்கள் அதைப் பார்க்கும்போதுதான் தெரியும், சில சமயம் அப்போதும் தெரியாது.

பூல், அதாவது இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பு, உருவாக்கும்போது ஆஷிஃப்ட் (டிஸ்க் எழுதும் சின்னத் துண்டான செக்டரின் அளவைச் சொல்வது) என்ற மதிப்பை 12 என்று கொடுத்துவிடுங்கள், பின்னால் மாற்ற முடியாத விஷயம் அது. டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் குட்டிப் பெயரால் குறிப்பிடாமல் பை-ஐடி ஃபோல்டரில் இருக்கும் நீளப் பெயரால் குறிப்பிடுங்கள், கேபிள் இடம் மாறினாலும் குழப்பம் வராது. வீடியோ வைக்கும் டேட்டாசெட்டுக்கு (பூலுக்குள் பிரிக்கும் தனிப் பகுதி) ரெக்கார்டு சைஸ், அதாவது ஒரு துண்டின் உச்ச அளவு, 1 மெகாபைட். கம்ப்ரஷன் எல்இசட்4 இருக்கட்டும், வீடியோவில் அது ஒன்றும் மிச்சம் பிடிக்காது, கெடுதலும் செய்யாது. ஒரே தரவு இரண்டு முறை வந்தால் ஒன்றாக்கும் டீடூப் மட்டும் வேண்டவே வேண்டாம். இசட்எஃப்எஸ் என்றாலே ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி ராம் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள், வீட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 8 ஜிபி உள்ள பெட்டி தாராளமாகச் சமாளிக்கும்.

ஒன்றொன்றாக, வேறுவேறு அளவில் சேர்க்கிறவர் என்றால் பதில் வேறு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனி எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ், மேலே மெர்ஜர்எஃப்எஸ் வைத்து எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டராகக் காட்டலாம், பாரிட்டியை, அதாவது ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தரவை, ஸ்னாப்ரெய்டு என்ற நிரல் பார்த்துக்கொள்ளும். பாரிட்டி டிஸ்க் மட்டும் இருப்பதிலேயே பெரிய டிஸ்க்குக்குக் குறையாத அளவு இருக்க வேண்டும். ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றைக் கழற்றி வேறெந்த லினக்ஸ் பெட்டியில் செருகினாலும் அப்படியே படிக்கும், எனக்கு இதில் பிடித்தது அதுதான். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பின்னால் சுருக்க முடியாது. எக்ஸ்ட்4 என்றால், அது இயல்பாகவே ரூட் எனும் நிர்வாகிப் பயனருக்கென்று 5 சதவீதம் ஒதுக்கிவிடும். 12 டெராபைட்டில் அது 600 ஜிபி! டேட்டா மட்டும் வைக்கிற டிஸ்க்கில் அந்த ஒதுக்கீட்டுக்கு அவசியமில்லை, டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு பூஜ்யம் ஆக்கிவிடலாம். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் மிரர் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் ரெய்டு 5, 6 (பாரிட்டியோடு பல டிஸ்க்கில் பரப்பி எழுதும் முறைகள்) பக்கம் போகாதீர்கள், அதை எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள்.

கேள்வி: புது டிஸ்க்தானே, சோதிக்க என்ன இருக்கிறது? நேரடியாக ஏற்ற ஆரம்பித்துவிடலாமா?

பதில்: கூடாது. வரும் வழியில் யார் எப்படிப் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் வசதியின் நீண்ட சோதனை, 12 டெராபைட்டுக்கு முக்கால் நாளோ ஒரு நாளோ எடுக்கும். முடிந்ததும் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள்: முறையே இடம் மாற்றப்பட்ட செக்டர், சந்தேகத்தில் இருக்கும் செக்டர், படிக்கவே முடியாத செக்டர். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று என்று காட்டினாலும் பேசாமல் திருப்பிக் கொடுங்கள்.

பொறுமை உள்ளவர்கள் பேட்பிளாக்ஸ் என்ற நிரலின் எழுதும் சோதனையும் ஓட்டலாம். நான்கு வகை வடிவங்களை முழு டிஸ்க்கிலும் எழுதித் திரும்பப் படிக்கும், ஆக எட்டு முறை டிஸ்க்கை முழுக்க வலம் வரும், 12 டெராபைட்டுக்கு ஆறு நாள் போல ஆகும். உள்ளே இருப்பதை அது அடியோடு அழித்துவிடும், அதனால் கட்டளையில் டிஸ்க் பெயரை எழுதிவிட்டு சீரியல் நம்பரை ஒருமுறை சரிபார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.

இன்னொன்று, டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று பார்த்தீர்களா? தடங்களைக் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை அது. விட்டுவிட்டு எழுதினால் தெரியாது, மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். மிரரில் ஒன்று போய் மற்றதிலிருந்து புதிதாகக் கட்டும்போதுதான் இதன் வலி தெரியும். 2020-இல், நாஸ் எனும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட சில மாடல்கள்கூட சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆராக இருந்தது வெளிவந்து பெரிய சண்டையானது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: எதை வைத்துக் காப்பி செய்வது? எத்தனை நேரம் ஆகும்? ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போட்டால் ஆகாதா?

பதில்: ஆகும், நடுவில் நிற்காத வரைக்கும். நின்றால் எது வந்தது, எது பாதியில் இருக்கிறது என்று அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆர்சிங்க் என்ற காப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள், நின்றால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். ஒரே பெட்டிக்குள் சாட்டா கேபிளில் இரண்டும் இருந்தால் நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் 7 டெராபைட்டுக்குப் 13 மணி நேரம். கிகாபிட் நெட்வொர்க் வழியாக என்றால் 18 மணி நேரம் பக்கம். தெரியாமல் யுஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டால் இரண்டு நாளுக்கு மேல், துளையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் முன் பழைய டிஸ்க்கை ரீட் ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும் முடியும்படி, மவுன்ட் செய்யுங்கள் (ஒரு ஃபோல்டராகத் தெரியும்படி இணையுங்கள்). இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால், தூக்கக் கலக்கத்தில் மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டாலும் பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. அதே காரணத்தால்தான் நகர்த்தும் கட்டளையைத் தொடவே வேண்டாம் என்கிறேன், காப்பி மட்டும்.

ஆர்சிங்க்கில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒரு சாய்கோடு. மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும், ‘படங்கள்’ ஃபோல்டருக்குள் இன்னொரு ‘படங்கள்’. முதலில் ட்ரை ரன், அதாவது எதையும் காப்பி செய்யாத ஒத்திகை, ஓட்டிப் பட்டியலை ஒரு நோட்டம் விடுங்கள். கட்டளையில் சின்ன ஏ (-a) விருப்பத்தோடு பெரிய எச் (-H) விருப்பத்தையும் கொடுங்கள். டவுன்லோடு ஃபோல்டரிலும் படங்கள் ஃபோல்டரிலும் ஹார்டு லிங்க்காக ஒரே ஃபைல் இரண்டு பெயரில் இருக்கும் ஏற்பாடு பலரிடம் உண்டு. அந்த பெரிய எச் இல்லையென்றால் புது டிஸ்க்கில் அது இரண்டு தனி ஃபைலாகி 7 டெராபைட் பன்னிரண்டு ஆகி, ஏன் இடம் போதவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இசட்எஃப்எஸ்ஸில் ஒரு டேட்டாசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஹார்டு லிங்க் போட முடியாது, ஆகவே அந்த இரண்டு ஃபோல்டரையும் ஒரே டேட்டாசெட்டில் வையுங்கள்.

என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து வருவதால் எல்லா ஃபைலும் 777, அதாவது யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற அனுமதியோடு வந்து இறங்க வாய்ப்பு அதிகம். காப்பி செய்யும்போதே சிஹெச்மோட் (அனுமதி), சிஹெச்ஓன் (உரிமையாளர்) விருப்பங்களைக் கொடுத்து ஃபோல்டருக்கு 775, ஃபைலுக்கு 664 (வெளியாருக்கு மாற்றும் அனுமதி இல்லை), உரிமையாளர் யார் என்று சரிசெய்துவிடலாம்.

முடிந்ததும் கடைசி வரியைப் படியுங்கள். 23 என்ற எண்ணோடு முடிந்திருந்தால் சில ஃபைல்கள் வரவில்லை என்று அர்த்தம். அப்புறம் செக்சம் விருப்பத்தையும் ட்ரை ரன்னையும் சேர்த்து இன்னொரு ஓட்டம்: இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்து ஒப்பிடும், மறுபடி அரை நாளுக்கு மேல் போகும், போகட்டும். அளவும் தேதியும் ஒத்துப்போனாலே சரி என்று நம்புவது வேறு, உள்ளே படித்துப் பார்ப்பது வேறு.

கேள்வி: நானும் என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து எக்ஸ்ட்4-க்கு மாறினேன். ஐந்தாறு ஃபைல்கள் மட்டும் பெயர் நீளம் அதிகம் என்று வர மறுக்கின்றன. எல்லாமே தமிழ்ப் பெயர் வைத்தவை. தமிழ் ஆகாதா?

பதில்: தமிழ் ஆகும், நீளம்தான் ஆகவில்லை. என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை அனுமதிக்கிறது; எக்ஸ்ட்4 அதே 255-ஐப் பைட்டில் எண்ணுகிறது. யுடிஎஃப்-8 எனும் எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். இப்படிப் போனால் கண்ணால் எண்ணும் எழுத்து ஐம்பதைத் தொடும்போதே பெயர் நிரம்பிவிடும். படத்தின் பெயர், ஆண்டு, நடிகர்கள், எந்த நிகழ்ச்சியில் பதிவு செய்தது என்று எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதுகிறவர்களுக்கு வரும் தொல்லை இது. பழைய டிஸ்க்கை எழுதும்படி மவுன்ட் செய்து அந்த ஐந்தாறின் பெயரை மட்டும் குறுக்கிவிட்டு, மறுபடி ஆர்சிங்க் ஓட்டுங்கள்.

பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கூத்து உண்டு. ‘கொ’ என்பதில் இருக்கும் ஒகரக் குறியை, அந்த டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ்+ ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து வைக்கும். திரையில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்று காலியாக இருக்கும். ஆர்சிங்க்கில் பெயரின் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் விருப்பம் அதற்குத்தான்.

கேள்வி: பார்த்த படம், பாதியில் நிறுத்திய தொடர், இதெல்லாம் அழிந்துவிடுமா? வீட்டில் அதற்குத்தான் சண்டை வரும்.

பதில்: பாதையை மாற்றாமல் இருந்தால் போதும். படங்கள் முன்பு எந்த ஃபோல்டர் பாதையில் தெரிந்தனவோ, அதே பாதையில் புது டிஸ்க்கை மவுன்ட் செய்யுங்கள். ஜெல்லிஃபின் ஒவ்வொரு படத்தையும் அதன் பாதையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது, பாதை மாறினால் அதற்கு அது புதுப் படம். இரண்டு டிஸ்க்கில் இருந்ததை ஒன்றாக்குகிறவர்கள், பழைய இரண்டு பாதைகளையும் புது இடத்துக்கு பைண்டு மவுன்ட் (ஒரு ஃபோல்டரை இன்னொரு பாதையிலும் தெரியவைப்பது) மூலம் காட்டிவிடலாம். டாக்கரில் (நிரலைத் தனி உறைக்குள் வைத்து ஓட்டும் முறை) ஓட்டுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், வெளிப் பாதை எதுவாக இருந்தாலும் உள்ளே தெரியும் பாதையை அப்படியே விட்டால் சரி.

டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரையும் நகர்த்துகிறீர்கள் என்றால் சர்வரை நிறுத்திவிட்டுக் காப்பி செய்யுங்கள், அந்த எஸ்கியூலைட் டேட்டாபேஸ் திறந்திருக்கும்போது எடுக்கும் பிரதியை நம்ப முடியாது. ஜெல்லிஃபினுக்குப் பதிலாகப் பிளெக்ஸ் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் தானாகக் குப்பையைக் காலி செய்யும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். டிஸ்க் மவுன்ட் ஆகாத ஒரு நிமிடத்தில் ஸ்கேன் ஓடினால், படமெல்லாம் போய்விட்டது என்று நினைத்துப் பட்டியலைத் துடைத்துவிடும்.

எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) எழுதுகிறவர்கள் டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடி போட்டு, நோஃபெயில் விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு டிஸ்க் வராத அன்றைக்குப் பெட்டியே பூட் ஆகாது. கூடவே, டிஸ்க் மவுன்ட் ஆகாத நிலையில் அது வந்து அமரும் காலி ஃபோல்டருக்குச் சாட்டர் கட்டளையால் ஐ (மாற்ற முடியாதது) அடையாளம் போட்டு வையுங்கள். டிஸ்க் இல்லாதபோது எந்த நிரலும் அதில் எழுத முடியாது, சிஸ்டம் டிஸ்க் டவுன்லோடால் நிரம்பி வழியாது.

கேள்வி: புது டிஸ்க்கை வெளிப்பெட்டியிலிருந்து கழற்றி எடுத்தேன். கம்ப்யூட்டருக்குள் போட்டால் சுற்றவே இல்லை. பெட்டியில் இருந்தபோது ஓடியது. செத்துவிட்டதா?

பதில்: சாகவில்லை. சாட்டா 3.3 விதிப்படி பவர் இணைப்பின் மூன்றாவது முள்ளில் 3.3 வோல்ட் வந்தால், அந்த வசதி உள்ள டிஸ்க் நின்றுவிட வேண்டும். பழைய பவர் சப்ளைகள் அந்த முள்ளில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த வோல்ட் இல்லாத கேபிள் மாட்டுங்கள், அல்லது டிஸ்க் பக்கத்தில் முதல் மூன்று முட்களைக் கேப்டன் (Kapton) எனும் மின்சாரம் கடத்தாத டேப்பால் மூடுங்கள். நான்காவது முள்ளைத் தொட்டுவிடாமல்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. மிரர் வேறு போட்டாயிற்று. பழைய டிஸ்க்குகளை விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். செக்சம் ஒப்பீடு சுத்தமாக முடிந்து, புதுப் பூலில் ஒரு ஸ்க்ரப்பும் (எல்லாத் தரவையும் படித்துச் செக்சம் சரிபார்க்கும் ஓட்டம்) பிழையில்லாமல் ஓடி, வீட்டில் எல்லோரும் ஒரு மாதம் பயன்படுத்தட்டும். புது டிஸ்க் போவதென்றால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே போகும். அதன் பிறகும் விற்க வேண்டுமா என்று யோசியுங்கள், ஏனென்றால் மிரர் பேக்கப் அல்ல. நீங்கள் தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். படங்களை மறுபடி எங்காவது பிடித்துவிடலாம், குடும்ப ஃபோட்டோவையும் கல்யாண வீடியோவையும் எங்கே போய்ப் பிடிப்பது? அவற்றை ஒரு பழைய டிஸ்க்கில் போட்டு, கேபிளைக் கழற்றி, வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். மற்றதை விற்பதென்றால் குவிக் ஃபார்மட் போதாது, அது அட்டவணையைத்தான் அழிக்கும். முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதிவிட்டுக் கொடுங்கள், 4 டெராபைட்டுக்கு ஒரு ராத்திரி வேலை.