அம்மா அதே பல் டாக்டரிடம்தான் போக வேண்டுமா?

கேள்வி: டாக்டர், நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அம்மா நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வயது 52. சீனியும் பிரஷரும் இருக்கிறது. வெற்றிலை போடுவார். போன வருடம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது அது உடைந்து வேர் உள்ளேயே நின்றுவிட்டது. வலிக்கிறது என்று அம்மா சொன்னதற்கு டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். அவர் பேசிய சிங்களம் அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. இப்போது அதற்குப் பக்கத்துப் பல்லும் வலிக்கிறது. "செத்தாலும் அங்கே போக மாட்டேன்" என்கிறார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் "உங்கள் ஏரியா இது இல்லை" என்று திருப்பி அனுப்புவார்களா? பிரைவேட்டில் காட்ட வசதியில்லை.

பதில்: மகள், அம்மா தாராளமாக வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அரசாங்க ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டுவதற்கு ஒரு குடும்பத்தை ஓர் ஆஸ்பத்திரியோடு கட்டிப்போடும் முறை இலங்கையில் இல்லை. பல் கிளினிக்கும் அப்படித்தான். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று துண்டு எழுதும் இடத்தில் கேட்பார்கள். அது பதிவுக்காக. அதைக் கேட்டதும் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியைத் தெரிவு செய்வது வேறு, டாக்டரைத் தெரிவு செய்வது வேறு. கிளினிக்குக்குள் போய்விட்டால் நம்பர்படிதான் கூப்பிடுவார்கள். அன்று யார் இருக்கிறாரோ அவர்தான் பார்ப்பார். சிறிய பிரதேச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பல் டாக்டர்தான் இருப்பார். அங்கே டாக்டரை மாற்றுவது என்றால் ஆஸ்பத்திரியையே மாற்றுவதுதான். ஆதார வைத்தியசாலை, மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில் இரண்டு மூன்று நாற்காலிகள் இருக்கும். "எனக்கு லேடி டாக்டர் பார்த்தால் நல்லது", "தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா" என்று மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. கூட்டம் குறைந்த நாளென்றால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள்.

உலக மருத்துவச் சங்கம் 1981இல் லிஸ்பனில் வெளியிட்டு, பின்னர் திருத்திய நோயாளர் உரிமைப் பிரகடனத்தில், டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் சுதந்திரமாகத் தெரிவு செய்யவும் மாற்றவும் நோயாளிக்கு உரிமை உண்டு, அது அரசாங்கமானாலும் தனியாரானாலும் சரி என்று எழுதியிருக்கிறது. எந்தக் கட்டத்திலும் இன்னொரு டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பிரகடனம் சட்டமில்லை. அதைக் காட்டி கிளினிக்கில் வாதாட முடியாது. ஆனால் ஒரு மனிதர் தன் வாயை யாரிடம் திறந்து காட்டுவது என்பதில் அவருக்கு ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதை நான் மனதார நம்புகிறேன். காசு உள்ளவர் பிரைவேட்டில் சனல் பண்ணி (காசு கட்டிப் பதிவு செய்து), பேர் சொல்லி டாக்டரைத் தெரிவு செய்கிறார். உங்கள் அம்மாவுக்கு அந்த விருப்பம் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

அம்மாவுக்கு உண்மையான தடை பஸ்ஸும் பேரும்தான், அதாவது தோட்டத்தில் அன்றைய வேலைக்கு விழும் நாள் சம்பளம்தான். ஹட்டன் பக்கமிருந்து பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டரை, மூன்று மணித்தியாலம் எடுக்கும். விடிவதற்கு முன் லயத்து வீட்டிலிருந்து இறங்கி, ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, துண்டு எடுத்து, திரும்பி வரும்போது இருட்டிவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. அதனால்தான் நம் பெண்கள் பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள். போகிற ஒரு நாள் வீணாகாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் மற்றதெல்லாம் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, தலையில் கட்டிய துண்டைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் சிங்களத்தில் கேட்டார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஊசி போட்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் பல் தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. வாயில் பஞ்சைக் கடித்தபடியே அவர் கையை நீட்டி அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அடைக்கத்தானய்யா வந்தேன்" என்றார். அந்த டாக்டர் கெட்டவரில்லை. கேட்டதற்கு அந்த அம்மா தலையாட்டினார், இவர் பிடுங்கினார். நான் இரண்டு அடி தூரத்தில் இருந்தேன். எழுந்து வந்து தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

ஆகவே பேர் சொல்லி டாக்டரைத் தெரிவு செய்வதை விட, விளங்காமல் தலையாட்டாமல் இருக்கும் உரிமைதான் அம்மாவுக்கு முக்கியம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் விளங்கப்படுத்துங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. டாக்டருக்குத் தமிழ் வராவிட்டால் மிஸ்ஸியோ, சிற்றூழியரோ, வரிசையில் நிற்கும் ஒருவரோ சொல்லட்டும். நீங்கள் போனிலும் பேசலாம். பிடுங்க வேண்டுமா, அடைக்கலாமா, வேர்ச்சிகிச்சை செய்தால் நிற்குமா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்ட பிறகுதான் சம்மதம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், ஊசி போட்ட பிறகும்கூட "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லலாம்.

இனி அம்மாவின் பல்லைப் பார்ப்போம். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர். மேல்பாகம் உளுத்துப்போயிருந்தால் குறடு பிடித்ததும் நொறுங்கும். நல்ல கைக்கும் அது நடக்கும், வேர் உடைந்ததற்காக அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடைந்ததை அவர் அம்மாவுக்குச் சொல்லி, எக்ஸ்ரேக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று: சீழ் வைத்த இடத்தில் விறைக்கப் போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. அம்மா வலிக்கிறது என்று சொன்னது உண்மையாகவே வலித்ததால்தான். அதற்குச் சத்தம் போட்டது பிழை. அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு வைத்தியருக்கோ, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கோ தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதினால் அடுத்த முறை சிகிச்சை கொடுக்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

உள்ளே நின்ற வேர் சிறியதாக, சீழ் இல்லாமல் இருந்தால் சில வேளை அப்படியே விடலாம். வலி, வீக்கம், கெட்ட வாடை இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். பக்கத்துப் பல் என்று அம்மா நினைக்கும் வலி அந்த வேரிலிருந்தும் வரலாம். எக்ஸ்ரே இல்லாமல் இன்னொரு பல்லைப் பிடுங்கச் சம்மதிக்க வேண்டாம். அதனால் எக்ஸ்ரே எடுக்கக்கூடிய இடமாகப் பார்த்துப் போவது நல்லது. நுவரெலியா, டிக்கோயா, நாவலப்பிட்டி என்று பஸ் வசதியைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். போகுமுன் போன் பண்ணி, பல் எக்ஸ்ரே உண்டா, எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். வேரை வெட்டி எடுக்க வேண்டியிருந்தால் கண்டி, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் வாய், தாடை அறுவைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. அங்கே மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள், நேரம் எடுக்கும், ஆனால் நிதானமாகப் பார்ப்பார்கள். மாணவர் வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம்.

சீனி உள்ளவர் வெறும் வயிற்றில் போகக் கூடாது. ஊசி என்றாலே சாப்பிடாமல் போக வேண்டும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வரிசையில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். காலையில் சாப்பிட்டு, வழமையான சீனி, பிரஷர் குளிசைகளைப் போட்டுக்கொண்டு, கையில் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துப் போகட்டும். சீனி, பிரஷர் மருந்து எழுதும் கிளினிக் கொப்பி கட்டாயம். அஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் குளிசை இருந்தால் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும்.

வெற்றிலை போடுகிறவர் என்பதால் ஒரு நிமிடம் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போலத் திறக்காமை இருந்தால் பல்லை விட அதுதான் அவசரம்.

தெரிவு பற்றி யோசிக்கக்கூடாத நேரமும் உண்டு. முகமோ தாடைக்குக் கீழோ வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனால், சத்தம் போட்ட டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியானாலும் பக்கத்தில் இருப்பதற்குத்தான் ஓட வேண்டும். அந்த வீக்கம் மூச்சை அடைத்துவிடும். 1990க்கு அடித்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அதேபோல, டவுனில் மலிவாகப் பல் பிடுங்கிப் பல் கட்டுகிற, இலங்கை மருத்துவப் பேரவையில் பதியாத ஆட்களிடம் எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம். சுத்தம் செய்யாத ஊசியில் ஈரல் அழற்சி வரலாம்.

அடுத்த லீவில் வீட்டுக்குப் போகும்போது ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் இதை எழுதி அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்: எந்தப் பக்கம் வலிக்கிறது, போன வருடம் வேர் உடைந்து நின்றது, சீனியும் பிரஷரும் உண்டு, விளங்கப்படுத்திய பிறகே பிடுங்கவும். கீழே உங்கள் போன் நம்பர். அன்றைக்கு மட்டும் கடை முதலாளியிடம் சொல்லி போனைக் கையிலேயே வைத்திருங்கள்.