4 பேட்டரியில் ஒன்று வீக்: அதை மட்டும் மாற்றலாமா?

நாலு வருஷம் ஓடிய 48 வோல்ட் சோலார் செட்டில் ஒரு டியூபுலர் (தண்ணீர் ஊற்றும் வகை) பேட்டரியை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த நான்குக்கும் ஒரே கரண்ட்தான். பழைய மூன்றும் முதலில் காலியாகி இன்வெர்ட்டர் நின்றுவிடும்; புதியதன் முழுத் திறனும் உங்களுக்குக் கிடைக்காது.

மற்ற மூன்றிலும் தண்ணீர் வேகமாக வற்றுகிறதா? அதுதான் முக்கியமான துப்பு. வீக்கான பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதில் சுமார் 2 வோல்ட் குறையும். சார்ஜர் அனுப்பும் மொத்த வோல்ட்டேஜ் குறையாது. அந்த மிச்சத்தை மற்றவை வாங்கிக் கொதிக்கின்றன.

முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, ஹைட்ரோமீட்டரால் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) வீக்கான பேட்டரியின் 6 செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். நல்ல டியூபுலரில் 1.240 அளவில் நிற்கும். ஒன்று மட்டும் 0.050க்கு மேல் குறைந்தால் அந்த செல் போய்விட்டது. எல்லாமே சமமாகக் குறைந்தால் சார்ஜ் பற்றவில்லை. ஈக்வலைசிங் சார்ஜ் (எல்லா செல்லும் சமமாக வர, கட்டுப்பாட்டோடு கூடுதலாக ஏற்றும் சார்ஜ்) கொடுத்துப் பார்க்கலாம், செலவு மிச்சம்.

ரீடிங் குறைகிறதே என்று ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர்தான். அப்புறம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்; ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.