38,000 கி.மீ. ஓடிய கார் டயர், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

கிலோமீட்டரை விடுங்கள், குனிந்து டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டு வருடம் முன்பு ஆனி மாத மழையில் குலசேகரத்தில் இருந்து தக்கலைக்கு வந்துகொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு வளைவு, ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி திரும்பாமல் நேராகவே போய், ஓடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மறுநாள் டயர் கடையில், "பட்டன் நல்லாத்தானே இருக்கு?" என்றேன். பட்டன் என்றால் ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டைகள். கடைக்காரர் முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பிவிட்டு, "உள்ள கையை விட்டுப் பாருங்கண்ணே, பைய" என்றார். வெளி ஓரத்தில் பள்ளம் பள்ளமாக இருந்த டயர், உள் ஓரத்தில் மொழுமொழுவென்று இருந்தது. ஓரிடத்தில் கம்பியே விரலில் தட்டியது. அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், கெட்டு எத்தனை மாதமோ!

பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மி.மீ. டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும் இடத்துக்கு நேரே தேடுங்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இரண்டு பருவமழையும் கொட்டுகிற நம்ம குமரி மாவட்டத்தில் அதுவரை காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புது டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. ஆனதும் நான் மாற்றிவிடுவேன். பள்ளம் வழியாகத் தண்ணீர் வெளியேறாவிட்டால் டயர் ரோட்டைத் தொடாது, தண்ணீர் மேல் மிதக்கும்.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் என்றால் குறைவு.

அப்புறம், வயது. என் மச்சான் வளைகுடாவில் இருக்கிறார், கார் இங்கே போர்ச்சில் சும்மா நிற்கிறது. 14,000 கி.மீ.தான் ஓடியது. "பட்டன் அப்படியே இருக்குல்லா?" என்று போனில் சண்டை. பக்கவாட்டில் முடி போல வெடிப்புகள், தயாரித்து 7 வருடம். வயதுக்கு, டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்தான் கணக்கு: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 5 வருடம் தாண்டினால் வருடா வருடம் கடையில் காட்டுங்கள்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். "முன்னாலதான் போடணும்" என்பார்கள், கேட்காதீர்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.