கடை வேலைக்கு ரெஸ்யூம் வேண்டுமா? கேள்வி பதில்

கடைகளுக்கு ஆள் எடுப்பது என் வேலை. முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஆன்லைன் படிவத்தில் "ரெஸ்யூம் கட்டாயமில்லை" என்று போட்டிருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. படிவத்தில் அவர்கள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் எழுத முடியும். உங்களைப் பற்றி நீங்களாகச் சொல்ல ரெஸ்யூம்தான் இடம். ஒரு பக்கம் போதும். மேலே பெயர், இப்போது கையில் இருக்கும் ஃபோன் நம்பர். அதற்கு அடுத்த வரியிலேயே எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வர முடியும் என்று எழுதுங்கள். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். வார இறுதி ஷிஃப்டுக்கு ஆளில்லாமல் திண்டாடும்போது, "சனி, ஞாயிறு முழு நாள், மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு மேல்" என்று எழுதியவரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

அப்புறம், ரெஸ்யூம் இருக்கிறதே என்று படிவத்தைக் காலியாக விடக்கூடாது. படித்த, வேலை பார்த்த தேதிகள் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: எந்த வேலையும் பார்த்ததில்லை. ரெஸ்யூமில் என்ன எழுதுவது?

பதில்: செய்ததை எழுதுங்கள். "கடின உழைப்பாளி, எல்லோரிடமும் நன்றாகப் பழகுவேன்" என்று எல்லோருமே எழுதுகிறார்கள், படித்ததும் மறந்துவிடுகிறது. "கல்லூரி விழாவில் டிக்கெட் விற்றேன், இரவு பணத்தை எண்ணிக் கணக்கு ஒப்படைத்தேன்" என்ற ஒரு வரியில் பணம் கையாளத் தெரியும், கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிடும். உறவினர் கடையில் சரக்கு இறக்கி அடுக்கியிருந்தால் அதுவும் அனுபவம்தான். நீங்கள் வர முடிந்த நாள், நேரத்தையும் மறக்காமல் போடுங்கள்.

கேள்வி: அனுபவம் இல்லாதவர்களுக்கு ரெஸ்யூம் எதற்கு சார்?

பதில்: மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பக்கத்தை நெடுவாக்கில் இரண்டு பத்தியாகப் பிரித்து, கலர் கட்டங்களோடு ஒரு ரெஸ்யூம் டிசைன் வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். சில நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் சாஃப்ட்வேர்தான் படிக்கும். இரண்டு பத்திகளையும் சேர்த்துப் படித்துக் குழப்பிவிடலாம். ஒரே பத்தி, சாதாரண எழுத்து, பிடிஎஃப்.

கேள்வி: பட்டம் வாங்கியிருக்கிறேன். கடை வேலைக்கு அதை மறைப்பதுதானே நல்லது?

பதில்: ரெஸ்யூமில் எதைச் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் படிவத்தில் கல்வித் தகுதியைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தகவல் எல்லாம் உண்மை என்று அதன் அடியில் நீங்கள்தானே உறுதி அளிக்கிறீர்கள்?

அதே நபர்: பட்டத்தைப் பார்த்ததும் "இவர் நிலைக்க மாட்டார்" என்று ஒதுக்குவது நீங்கள்தானே?

பதில்: அந்தப் பயம் உண்மைதான். பில்லிங், ஸ்டாக் எல்லாம் பழக்கி முடித்த கையோடு ஒருவர் போய்விட்டால், கூட இருப்பவர்கள் அந்த ஷிஃப்டையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அதனால் மறைப்பதைவிட அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். "மேற்படிப்புக்குத் தயாராகிறேன், ஒரு வருடம் மாலை ஷிஃப்ட் பார்க்க முடியும்" என்று எழுதினால் நான் கூப்பிட்டுப் பேசுவேன்.

இன்னொருவர்: எல்லா மேனேஜரும் உங்களைப் போல் படிக்க மாட்டார்கள். ரெஸ்யூமிலிருந்து பட்டத்தை நீக்கிய பிறகுதான் எனக்கு அழைப்பே வந்தது.

பதில்: வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்களே? அங்கே பொய் சொன்னால், பிறகு தெரியவரும்போது வேலையே போகலாம். ரெஸ்யூமிலிருந்து நீக்கிவிட்டாலும், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ரெஸ்யூமில் வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எண் போட வேண்டுமா?

பதில்: கூடவே கூடாது. அதெல்லாம் வேலை உறுதியான பிறகு. வேலை தருவதற்கு முன்பணம் கேட்டால் அது மோசடி, பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

பதில்: ஊருக்கு ஊர் மாறும். அங்கே வேலை பார்ப்பவர்களிடம் விசாரியுங்கள்.

கேள்வி: ஐயா, சின்னக் கடைதான். அதற்கும் ரெஸ்யூம் தேவையா?

பதில்: தேவை. இதே கேள்வி மூன்றாம் முறை.

கேள்வி: நேரில் போய்க் கொடுக்கலாமா அண்ணா?

பதில்: சின்னக் கடை என்றால் அதுதான் நல்ல வழி. கவுண்டரில் வரிசை நிற்கும் நேரத்தில் போகாதீர்கள். கூட்டம் இல்லாதபோது போய் மேனேஜரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால் எப்போது வருவார் என்று விசாரித்துக்கொண்டு திரும்பிப் போங்கள். பில் போடுபவரிடம் கொடுத்த காகிதம் பெரும்பாலும் மேனேஜர் மேஜைக்கு வந்து சேர்வதில்லை.